பூட்டு மட்டும் மலையிறங்கட்டும்: கொடைக்கானல் பழைய மேசைகளுக்குத் திண்டுக்கல் சாவி வேலை எப்படி?

கொடைக்கானலில் பழைய பங்களா கைமாறும்போது கூடவே ஒரு எழுத்து மேசையும் கைமாறும். சாவி மட்டும் வராது. தேக்கிலோ ஈட்டி மரத்திலோ செய்த கனத்த மேசை. இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக டிராயர், நடுவில் நீளமாக ஒன்று, எல்லாம் பூட்டியபடி. இதைத் திறக்க மலையில் குடியிருப்பவர்களுக்கு இருக்கும் ஆட்கள் மூன்று வகை: பஜாரில் டூப்ளிகேட் சாவி வெட்டுபவர், ஊர்த் தச்சர், அடிவாரத்தைத் தாண்டித் திண்டுக்கல்லில், சாவிப் பல் தூக்கிவிடும் உள்தகடுகள் (லீவர்) கொண்ட லீவர் பூட்டைக் கையால் செய்யும் பட்டறை. இணையத்தில் விற்கும் பழைய சாவிக்கொத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மர வேலையும் பூட்டு வேலையும் தெரிந்த கண்ணோடு இவற்றை எடைபோட்டதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். திறப்பதற்குத் தச்சர், சாவிக்குத் திண்டுக்கல். மேசையைக் கீழே ஏற்றிப் போக வேண்டாம். பூட்டுக்காரரை மேலே வரவழைக்கவும் வேண்டாம். பூட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அதை மட்டும் பஸ்ஸில் இறக்கினால் போதும்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை. டிராயரின் மேல்விளிம்புக்கும் அதற்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டையோ பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டையோ நுழைத்து, இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். சாவித்துளைக்கு நேர் மேலே மட்டும் முட்டி நின்றால் பூட்டின் நாக்கு மேலே ஏறியிருக்கிறது, உண்மையிலேயே பூட்டியிருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் ஓடினால் பூட்டே போடவில்லை. டிராயர் பக்கவாட்டில் இறுகியிருக்கிறது. எங்குமே நுழையவில்லையென்றால் மரம் ஊதிப் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையில் இது சகஜம். மரம் நாரின் குறுக்காகத்தான் ஊதும், ஆகவே டிராயர் முகப்பின் உயரம்தான் கூடும். அப்போது எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் வந்தாலும் இழுத்துக் கைப்பிடியைப் பிடுங்குவதுதான் மிச்சம். தை முதல் பங்குனி வரை காற்று உலர்ந்திருக்கும்போது அதே டிராயர் தானாக இளகும். அவசரமென்றால் மேசைக்கடியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மரத்திலிருந்து ஓரடி தள்ளி ஓரிரு நாள் எரியவிடலாம். ஹீட்டர் வேண்டாம், மேலே ஒட்டிய மெல்லிய பலகைத் தோல் எழும்பிவிடும்.

சாவி கையில் இருந்தும் திரும்பவில்லை என்பவர்களுக்கு ஒரு கேள்வி: யாராவது தேங்காய் எண்ணெய் விட்டார்களா? கீழ்நாட்டில் அது எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது வெண்ணெய். கொடைக்கானலில் சித்திரை வெயிலிலும் அந்த அளவைத் தொடுவது அரிது. பூட்டுக்குள் உறைந்த எண்ணெய் தூசியோடு கலந்து லீவரைத் தகட்டோடு ஒட்ட வைத்துவிடும். சாவி நுழையும், கால் சுற்று வரும், நிற்கும். ஹேர் டிரையரால் சாவித்துளைப் பக்கம் இரண்டு மூன்று நிமிடம் சூடுகாட்டி, சாவியைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பென்சில் கரித்தூள் தூவிவிடுங்கள். எண்ணெய் வகை எதுவும் வேண்டாம்.

பஜார் சாவிக்காரர்

இவர்களுடைய இயந்திரம் பைக் சாவிக்கும் கதவுச் சாவிக்கும் உகந்தது. மேசைப் பூட்டின் சாவி வேறு ஜாதி. டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். நடுவில் ஒரு சின்னக் கம்பி நின்றால் அதன்மேல் மாட்டும் குழாய்ச் சாவி வேண்டும். கம்பி இல்லையென்றால் கட்டிச் சாவி. இரண்டுமே இயந்திரத்தில் ஏறாது, அரத்தால் ராவித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் பஜாருக்குப் போவதில் ஒரு லாபம் உண்டு: அவர்களிடம் ஆணியில் தொங்கும் பழைய சாவிக்கொத்து. மலிவாகச் செய்த மேசைப் பூட்டுகள் பலவற்றில் ஒரே ஒரு லீவர்தான். அளவு ஒத்த எந்தச் சாவியும் அதைத் திறக்கும். அதைவிட முன்னால், அதே வீட்டு பீரோ, அலமாரி, தையல் மிஷின் பெட்டி, பக்கத்து டிராயர் எல்லாவற்றின் சாவியையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் கலவையாக வரும் பழைய குழாய்ச் சாவிக்கொத்தும் இந்தக் கணக்கில்தான் பயன்படும். வாங்குவதற்கு முன் கம்பியின் குறுக்களவு தெரிய வேண்டும். கெட்டிக் காகிதத்தை இறுக்கமாகக் குழலாகச் சுருட்டிக் கம்பியின்மேல் செருகி எடுத்து, குழலின் உள்வாயில் துளைபோடும் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால் அளவு கிடைக்கும். சாவிக் குழாய் அதைவிடக் கால் மில்லி அகலமாக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் சாவி ஆடும், பல் லீவரைச் சரியாகத் தூக்காது.

எந்தச் சாவியையும் இரண்டு விரலால்தான் திருப்ப வேண்டும். விரலுக்கு மசியாததைக் குறடு போட்டுத் திருப்பினால் சாவிப் பல் உள்ளே முறியும், அல்லது லீவர் வளையும். முறிந்த துண்டோடு வரும் பூட்டு எந்தப் பட்டறைக்கும் இரட்டை வேலை.

சாவி சேரவில்லை என்றதும் பஜாரில் அடுத்து எடுப்பது டிரில். அங்கேயே நிறுத்திவிடுங்கள். துளை போட்டால் முகப்பில் பதித்த பித்தளைச் சாவிக்கண் போகும், நடுக்கம்பி போகும், பிறகு அந்தப் பூட்டுக்கு எந்தக் காலத்திலும் சாவி இல்லை. சாவிக்கொத்துக்காக ஐந்தில் இரண்டு கொடுக்கலாம். டிரில்லுக்கு ஒன்றுமில்லை.

தச்சர்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பூட்டைத் தொடாமல் மேசையைத் திறப்பதே நல்ல தச்சருக்கு அழகு. மேசை செய்தவர் எந்த வரிசையில் கூட்டினாரோ அதற்குத் தலைகீழ் வரிசையில் கழற்றினால் டிராயர் வந்துவிடும்.

இரட்டைப் பெட்டி மேசைகள் பலவும் மூன்று துண்டு: மேல்பலகையும் அதோடு சேர்ந்த டிராயர்களும் ஒன்று, கீழே தாங்கும் பெட்டிகள் இரண்டு. மேல்துண்டு தன் பாரத்திலேயே உட்கார்ந்திருக்கும், அல்லது உள்ளிருந்து இரண்டு மூன்று திருகுகள் பிடித்திருக்கும். மேல் துண்டை இரண்டு பேர் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் மரமுளை முறியும். தூக்கி வைத்துவிட்டால் கீழ்ப்பெட்டிகளின் மேல் டிராயர் சில மேசைகளில் அப்படியே திறந்து கிடக்கும்.

அது அமையாவிட்டால் பின்பலகை. திருகு போட்டிருந்தால் அதிர்ஷ்டம். ஆணி அடித்திருந்தால், பலகையின் உட்புறத்தில் ஒரு மரக்கட்டையை அணைத்து விளிம்போரமாகத் தட்டிக் கால் அங்குலம் வெளியே வரவைத்து, பிறகு திரும்ப உள்ளே அழுத்தினால் ஆணித்தலை தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். குறடால் பிடித்து இழுக்கலாம். உள்ளே கை போக வழியில்லாத பலகைக்கு அகலமான உளியை விளிம்பில் கொடுத்து நெம்ப வேண்டும்.

பின்பலகை போனதும் டிராயர்களின் முதுகு தெரியும். டிராயரின் அடிப்பலகை இரண்டு பக்கமும் முகப்பிலும் காடியில் செருகியிருக்கும்; பின்னால் மட்டும் முதுகுப் பலகையின் அடியில் இரண்டு மூன்று சின்ன ஆணியால் பிடித்திருக்கும். அந்த ஆணிகளை எடுத்தால் அடிப்பலகை பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்துவிடும், பசை போட்டிருக்க மாட்டார்கள். நடு டிராயருக்கு இது இன்னும் சுலபம். கால் நீட்டும் இடத்தில் படுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாலே அடிப்பலகை முகத்துக்கு நேரே இருக்கும். உள்ளே காகிதமோ கண்ணாடிப் புட்டியோ இருக்கலாம், பலகை நகரும்போதே கீழே கை கொடுத்துத் தாங்க ஆள் வேண்டும்.

இப்போது பூட்டின் முதுகு தெரிகிறது. முகப்பின் உட்புறத்தில், மேல்விளிம்பை ஒட்டி, நான்கு பித்தளைத் திருகுகள். அவசரம் கெடுக்கும் இடம் இதுதான். பழைய பித்தளைத் திருகின் காடி குறுகலானது. வாய் அகலம் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் முதல் திருப்பிலேயே காடி மழுங்கும். முதலில் பிளேடு முனையால் காடியில் அடைந்த மெழுகையும் பாலிஷையும் சுரண்டி எடுக்க வேண்டும். அசையாத திருகின் தலையில் சால்டரிங் இரும்பை ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றி ஆறவிட்டால் மரத்தின் பிடி தளரும். நிமிர்ந்து திருப்ப இடமில்லாத இடத்துக்கு எல் வடிவத்தில் வளைந்த ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். நான்கும் வந்த பிறகு டிராயரை முன்னால் தள்ளினால் முகப்பு மட்டும் நகரும். பூட்டு பின்னாலேயே சட்டத்தில் நாக்கால் தொங்கி நிற்கும். கையால் பிடித்து இறக்கிக்கொள்ளலாம். பூட்டிய நிலையிலேயே, கீறல் இல்லாமல் பூட்டு கைக்கு வந்துவிட்டது.

தச்சர்கள் சொல்லும் இன்னொரு வழி விரிப்பது. மேல்சட்டத்துக்கும் டிராயருக்கும் நடுவே இரண்டு மெல்லிய இரும்புத் தகடு கொடுத்து, அவற்றுக்கிடையே மரஆப்பைச் செருகிச் சட்டத்தை மேலே வளைத்து, கூடவே டிராயரைக் கீழே அழுத்தி நாக்கை விடுவிப்பது. நடு டிராயரில் இது பலிக்கும். சட்டம் இரண்டடி நீளமாக இருப்பதால் நடுவில் இரண்டு மூன்று மில்லி வளையும், அடியில் தாங்கும் சட்டம் தேய்ந்திருந்தால் டிராயரும் கொஞ்சம் இறங்கும். நாக்கின் ஏற்றம் ஆறு மில்லிக்குள் இருந்தால் தப்பிவிடும். பக்க டிராயரின் சட்டம் ஓரடிதான், வளையாது, வெடிக்கும். மழைக்காலத்தில் எதிலும் முயல வேண்டாம், இடைவெளியே இருக்காது.

கடப்பாரையும் பெரிய உளியும் ஏன் கூடாது என்பதற்கும் கணக்கு உண்டு. முகப்புப் பலகை 20 முதல் 22 மில்லி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு உட்கார உள்ளிருந்து 12 மில்லிக்கு மேல் குடைந்திருப்பார்கள். சாவித்துளைக்கு முன்னால் மிஞ்சுவது சுமார் எட்டு மில்லிதான். நெம்பும் பாரம் முழுவதும் அந்த எட்டு மில்லியில் விழும். நாரோடு நீளமாகப் பிளந்துவிடும். ஈட்டி மரம் பிளந்தால் ஒட்டின தடம் மறையவே மறையாது.

சுருள்மூடி மேசையாக இருந்தால் அடிப்பட்டையில் கை வைக்காதீர்கள். மூடியின் பட்டைகள் கித்தான் துணியில் ஒட்டியவை, நெம்பினால் துணி கிழியும், மூடி கலைந்துவிடும். பின்பலகை வழிதான் ஒரே வழி. எழுத்துப் பெட்டி எனப்படும் கைமேசையில் மூடியிலிருந்து ஒரு கொக்கி பூட்டுக்குள் இறங்கிச் சிக்கியிருக்கும். மேலே நெம்பினால் கொக்கியைச் சுற்றியுள்ள மரம் பெயரும். அதற்குச் சாவி செய்வதைத் தவிர வேறு நியாயமான வழி இல்லை.

எல்லாம் பொய்த்தால் ஹேக்ஸா பிளேடு. மேல்விளிம்பிலும் சட்டத்திலும் மெல்லிய தகரத்தை வைத்து மரத்தைக் காத்துக்கொண்டு நாக்கை அறுக்கலாம். பித்தளை நாக்கு சீக்கிரம் அறுபடும். இரும்பு நாக்கு நேரமெடுக்கும். அறுத்த நாக்குக்குப் பதில் புதிது செய்து பொருத்தத் திண்டுக்கல்லில் ஆள் இருக்கிறார்கள். பிளந்த முகப்புக்குப் பதில் செய்ய யாரும் இல்லை. சாவித்துளை சின்ன வட்டமாக, நடுவில் கம்பியும் சுற்றி வளையமும் தெரிந்தால் அது ப்ராமா வகை. 1784இல் லண்டனில் ஜோசப் ப்ராமா காப்புரிமை பெற்ற பூட்டு. 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறப்பவருக்குப் பரிசு என்று அந்தக் கம்பெனி வைத்திருந்த சவால் பூட்டைத் திறக்க 16 நாளில் 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதைக் கம்பி விட்டு நோண்டும் ஆசை வேண்டாம்.

தச்சு வேலைக்கு ஐந்தில் நாலரை. கழிக்கும் அரை எதற்கென்றால், திரும்ப மாட்டும்போது பழைய திருகுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூட்டல்குறித் தலை இரும்புத் திருகு அடிக்கும் பழக்கத்துக்கு. மலை ஈரத்தில் இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கும். எடுத்த திருகுகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தோமோ அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள்.

திண்டுக்கல் பட்டறை

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு எல்லாருக்கும் தெரியும். நாகல்நகரிலும் சுற்று வட்டாரத்திலும் கையால் லீவர் பூட்டு செய்பவர்கள் இன்னும் உண்டு, எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இங்கிலீஷ் மேசைப் பூட்டுக்கு இவர்கள் ஏன் பொருத்தம் என்றால், தத்துவம் ஒன்றே. 1778இல் ராபர்ட் பேரன் (Barron) என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறை: சாவிப் பல் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும், குறைந்தாலும் நாக்கு நகராது, கூடினாலும் நகராது. தினமும் அதையே ராவிக்கொண்டிருக்கும் கைக்கு இது புது வேலையே அல்ல.

வேலை நடக்கும் விதம் பார்க்கத் தக்கது. பூட்டின் மூடித்தகட்டைக் கழற்றினால் லீவர்கள் வரிசையாகத் தெரியும். அடைந்த அழுக்கைக் கழுவுவார்கள். கம்பியின் குறுக்களவுக்குத் துளைபோட்ட தண்டில், பல் வெட்டாத முழுக் கட்டையோடு சாவி தயாராகும். கட்டையைச் சிம்னி விளக்கில் காட்டிக் கரி பிடிக்கவைத்து உள்ளே போட்டுத் திருப்ப, லீவர் உரசிய இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே மட்டும் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு. திரும்பக் கரி, திரும்ப இழுப்பு. முழுக் கட்டை லீவரை மிகையாகத் தூக்கும். ராவ ராவ உயரம் இறங்கி, லீவரின் வாயும் நாக்கின் முளையும் நேராகும் இடத்தில் நாக்கு நழுவும். அரம் ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் அந்தக் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். துரு ஏறி முறிந்த லீவர் ஸ்பிரிங்கையும் மெல்லிய எஃகுப் பட்டையில் புதிதாகச் செய்து போடுவார்கள். மலை மேசைகளில் பெரும்பாலும் இதுவும் தேவைப்படும்.

இனி குறைகள். வேலை தெரிந்தவர்கள்தான், பழம்பொருள் என்ற எண்ணம் கிடையாது. சொல்லாமல் விட்டால் பூட்டைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தங்கம் போலப் பளபளக்கச் செய்து தருவார்கள். கிரீடமும் விக்டோரியா ராணியைக் குறிக்கும் விஆர் எழுத்தும் செய்தவர் பெயரும் அதோடு மழுங்கிப்போகும். சில இடங்களில் “இது எதுக்குங்க, புதுப் பூட்டே போட்டுக்கலாம்” என்று ஆரம்பிப்பார்கள். புதுப் பூட்டின் கம்பி பழைய சாவிக்கண்ணுக்கு நேரே வராது, குடைந்த பள்ளமும் ஒத்துவராது. மரத்தை மறுபடி வெட்ட நேரிடும். ஆகவே பூட்டோடு ஒரு சீட்டு கட்டி அனுப்புங்கள்: பாலிஷ் வேண்டாம், முத்திரையைத் தொட வேண்டாம், பூட்டை மாற்ற வேண்டாம், சாவி இரண்டு.

அதே சீட்டில் எழுத வேண்டிய ஓர் அளவு உண்டு. அதை விட்டால் எல்லா உழைப்பும் வீண். பட்டறையில் இருப்பவர் பூட்டைத்தான் பார்க்கிறார், மேசையைப் பார்க்கவில்லை. பூட்டுக்கு முன்னால் மிஞ்சும் மரத்தின் கனமும் அதன்மேல் பதித்த பித்தளைச் சாவிக்கண்ணின் கனமும் சேர்த்து எத்தனை மில்லி என்று எழுதாவிட்டால், கையில் அருமையாகத் திரும்பும் சாவி மேசையில் எட்டாது. சாவிக்கண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அதன் உருவத்தையும் எடுத்து அனுப்புங்கள்; பூட்டில் நுழையும் பல் முகப்புத் துளையில் நுழையாமல் போவதும் உண்டு.

பூட்டு திரும்பி வந்ததும் மேசையில் மாட்டுவதற்கு முன் கையில் வைத்தே பாருங்கள். நாக்கு முழுவதும் இறங்கி மேல்தகட்டோடு சமமாக வேண்டும். பூட்டிய நிலையில் கட்டைவிரலால் நாக்கை அழுத்தினால் உள்ளே போகக் கூடாது, போனால் ஸ்பிரிங் லீவரைக் கீழே தள்ளவில்லை. பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் சாவி தங்குதடையில்லாமல் வெளியே வர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்புங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் சரிசெய்து தருகிறார்கள்.

கூலியை, பூட்டு திறக்கும் வேலை, முதல் சாவி, இரண்டாம் சாவி, ஸ்பிரிங் என்று பிரித்துப் பேசிக்கொள்வது நல்லது; மொத்தமாகப் பேசினால் ஸ்பிரிங் விட்டுப்போகும். ஆளையே மேலே வரவழைத்தால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் உங்கள் தலையில். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. அரசுப் பேருந்தில் வந்தால் அது வேண்டாம். வந்தாலும் பட்டறையில் இருக்கும் பட்டறைப்பிடியும் அரங்களும் கூட வராது. மேசையைக் கீழே கொண்டுபோவது இதைவிட மோசம்: நூறு வருடம் மலை ஈரத்தில் பழகிய மரம் திண்டுக்கல் வெயிலில் சில வாரம் நின்றால் சுருங்கும், விரிசல் விடும், பழைய வஜ்ஜிரப் பசை விட்டுப்போகும்.

சாவி வேலைக்கு ஐந்தில் ஐந்து, பழம்பொருள் பக்குவத்துக்கு ஐந்தில் மூன்று. மேசை உங்களுடையதுதானா என்று கேட்கும் பட்டறையாக இருந்தால் அரை மதிப்பெண் கூடப் போடலாம். நீலகிரிக்காரர்களுக்கும் இதே வழி செல்லும், பஸ்ஸுக்குப் பதில் கூரியர். பூட்டை அனுப்பும்போது மூடித்தகட்டின் திருகுகளை மட்டும் நீங்களே தளர்த்திப் பார்க்காதீர்கள்; தகடு திறந்தால் ஸ்பிரிங் தெறித்து எங்கே விழுந்தது என்று தெரியாது.